அழைப்பும் பந்தியும்: தமிழ்க் கிறிஸ்தவர் ஊரைக் கூட்டிய வரலாறு

ஆண்டுதோறும் ஆகஸ்டு 29ஆம் தேதி மாலை பெங்களூர் சிவாஜிநகர் பக்கம் போகிறவர்கள் அந்தக் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். புனித மரியன்னை பசிலிக்காவில் அன்றுதான் கொடியேற்றம். ஒன்பது நாள் நவநாள் ஜெபம் நடந்து, செப்டம்பர் 8ஆம் தேதி மாதாவின் பிறந்த நாள் விழாவும் தேர்ப் பவனியும் நடைபெறும். காவிப் புடவை கட்டி, விரதமிருந்து வரும் பெண்களைப் பார்த்தால் கோயில் திருவிழாவோ என்று தோன்றும். வருகிறவர்களில் கிறிஸ்தவர் அல்லாதவர்களும் ஏராளம்.

இத்தனை பேரை யார் அழைத்தார்கள்? எப்படி அழைத்தார்கள்? இதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

அடியேன் ஜைனன். தொழில் வியாபாரம். சர்ச் சமாச்சாரத்தில் இவனுக்கு என்ன அக்கறை என்று வாசகர்கள் நினைக்கலாம். காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்கள் சேர்ந்து நாலடியார் பற்றி ஒரு சொற்பொழிவு ஏற்பாடு செய்தோம். பளபளவென்று ஆர்ட் தாளில் அழைப்பிதழ் அடித்தோம். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை என்று இருபது பெயர்கள் போட்டோம். நாற்காலிகள் இருநூறு. வந்தவர்கள் பதினேழு பேர். அதிலும் பத்துப் பேர் அழைப்பிதழில் பெயர் உள்ளவர்கள்!

மறுநாள் கடைக்கு வந்த நண்பர் ஒருவரிடம் சொல்லி வருத்தப்பட்டேன். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், இங்கே ஒரு தமிழ்ச் சபையில் கமிட்டியில் இருப்பவர். கேட்டுவிட்டுச் சிரித்தார். "நயினாரே, நோட்டீஸ் அடிச்சா ஆள் வந்துருமா? விருந்துக்குக் கூப்பிட்டவன் பட்ட பாடு எங்க வேதத்துலயே இருக்கு. வாசிச்சுப் பாருங்க" என்றார். வாசித்தேன். அதிலிருந்து ஒன்றைப் பிடித்து ஒன்றாகப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

வேதத்தில் உள்ள அழைப்பு

லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் 14ஆம் அதிகாரத்தில் அந்தக் கதை இருக்கிறது. ஒருவன் பெரிய விருந்து வைத்து ஊரில் உள்ளவர்களை அழைக்கிறான். விருந்து நேரத்தில் ஒவ்வொருவரும் ஒரு சாக்குச் சொல்கிறார்கள். ஒருவன் நிலம் வாங்கியிருக்கிறான். ஒருவன் ஐந்து ஏர் மாடு வாங்கியிருக்கிறான். ஒருவனுக்கு அப்போதுதான் கல்யாணம். கடனை வசூலிக்கப் போகிற வியாபாரிக்கு இந்த மாதிரிச் சாக்குகள் புதிதல்ல. விருந்து வைத்தவன் கோபப்படுகிறான், ஆனால் விருந்தை நிறுத்தவில்லை. தெருவிலும் சந்திலும் இருக்கிற ஏழைகள், ஊனமுற்றவர்கள், பார்வையற்றவர்கள் எல்லாரையும் அழைத்து வரச் சொல்லி வேலைக்காரனை அனுப்புகிறான். அப்படியும் இடம் மிஞ்சுகிறது. ஊருக்கு வெளியே வழியில் போகிறவர்களையும் கூட்டி வரச் சொல்கிறான்.

இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்று, அழைப்பு ஆள் மூலம் நேரில் போக வேண்டும். இரண்டு, வந்தவர்கள் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார வேண்டும்.

மூன்றாவது பாடம் ஒன்று அப்போஸ்தலர் நடபடிகள் 2ஆம் அதிகாரத்தில் வருகிறது. பெந்தெகொஸ்தே நாளில் எருசலேமில் பல தேசத்தார் கூடியிருந்தார்கள். சீஷர்கள் பேசியதை அவரவர் தாய்மொழியிலேயே அவரவர் கேட்டார்கள் என்று அந்நூல் கூறுகிறது. அதே நூலின் 17ஆம் அதிகாரத்தில் பவுல் ஏதென்ஸ் நகரத்தாரிடம் பேசுகிறார். அவர்கள் அறியாத ஒரு தேவனுக்கு அவர்களே கட்டிவைத்த பலிபீடத்தைச் சுட்டிக்காட்டிப் பேச்சைத் தொடங்குகிறார். கேட்பவன் வீட்டுப் பொருளை வைத்தே அவனிடம் பேச வேண்டும் என்பது அதன் உட்பொருள்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் சமவசரணம் நினைவுக்கு வந்தது. கேவலஞானம் அடைந்த தீர்த்தங்கரர் உபதேசம் செய்வதற்காகத் தேவர்கள் அமைக்கும் மாபெரும் சபைக்குச் சமவசரணம் என்று பெயர். அதில் தேவர், மனிதர் மட்டுமல்ல, விலங்குகளும் பறவைகளும் அமர்ந்து கேட்கும். ஜினனிடமிருந்து எழும் திவ்யத்வனி அவரவர் மொழியில் அவரவருக்குப் புரியும் என்பது எங்கள் ஆகமம். சித்தன்னவாசல் குகையின் விதானத்தில் தாமரைக் குளம் தீட்டியிருக்கிறார்களே, அது சமவசரணத்தின் காதிகா பூமி என்பது ஆராய்ச்சியாளர் பலர் ஏற்றுக்கொண்ட கருத்து. காஞ்சிக்கு அருகே திருப்பருத்திக்குன்றத்துக் கோயில் விதானத்திலும் சமவசரணக் காட்சியைக் காணலாம். ஆக, அவரவர் மொழியில் அழைப்பு, எல்லாருக்கும் இடம் என்ற இரண்டும் இரு மதத்துக்கும் பொதுவாக இருக்கின்றன. அவற்றைக் கடைப்பிடித்தார்களா என்பதுதான் வரலாறு.

தரங்கம்பாடியில் கற்ற பாடம்

1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் தேதி சீகன்பால்கு, புளூட்சோ என்ற இரு ஜெர்மானியப் பாதிரிமார் டென்மார்க் அரசரின் ஆதரவில் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். சீகன்பால்குக்கு அப்போது 23 வயதுதான். திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரைப் பிள்ளைகளோடு தம் வீட்டுக்கே வரவழைத்து, அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். 1708க்குள் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் ஏடுகளைச் சேர்த்து, அவற்றுக்கு ஒரு விளக்கப் பட்டியலும் எழுதிவிட்டார்.

அச்சுக்கூடம் வந்து, ஜெர்மனியில் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகளும் வந்து சேர்ந்தன. 1713இல் அந்த அச்சில் வந்த முதல் தமிழ் வெளியீடுகளில் ஒன்று அக்கியானத்தைப் பற்றியது. அதாவது, ஊரார் வழிபாட்டை அஞ்ஞானம் என்று கண்டிக்கும் சிறு புத்தகம். விருந்துக்குக் கூப்பிடப் போனவன் வாசலில் நின்று வீட்டுக்காரனைத் திட்டின மாதிரிதான் இது.

ஆனால் அதே மனிதர் வேறொரு காரியமும் செய்தார். தமிழர்களுக்கு ஓலை அனுப்பி, உங்கள் சமயம் என்ன, வழக்கம் என்ன, எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டார்கள். 1712 முதல் 1714 வரை வந்த பதில்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலேயில் அச்சாயின. தமிழ் மண்ணின் தெய்வங்களைப் பற்றியே 1713இல் ஒரு பெரிய நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அங்கிருந்த பெரியவர் பிராங்கே, உங்களை அனுப்பியது அந்தச் சமயத்தை ஒழிக்கத்தானே தவிர ஐரோப்பாவில் பரப்புவதற்கு அல்ல என்ற கருத்தில் அதை அச்சிடாமல் வைத்துவிட்டார். அந்நூல் அச்சேறியது 1867இல், சென்னையில்! ஏசிய புத்தகம் உடனே அச்சானது, கேட்டறிந்து எழுதிய புத்தகம் 150 ஆண்டு காத்திருந்தது. 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. 1719இல் சீகன்பால்கு காலமானார்.

தஞ்சைக் கவிராயர்

அழைப்பைத் தமிழ் உருவத்தில் கொண்டுபோனவர்களில் முதன்மையானவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்தார். சிறு பையனாக இருந்தபோதே ஸ்வார்ட்ஸ் ஐயர் அவரைத் தஞ்சைக்கு அழைத்துப் போய்ப் படிக்க வைத்தார். அதே ஸ்வார்ட்ஸ் ஐயரின் பராமரிப்பில் வளர்ந்தவர்தான் பின்னாளில் 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட சரபோஜி மன்னர். ஆசிரியராக இருந்த சாஸ்திரியார் நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள் இயற்றி, 1864இல் மறைந்தார்.

அவருடைய வழி என்ன? ஊருக்குத் தெரிந்த உருவத்தை எடுத்துக்கொண்டார். குறவஞ்சி, நொண்டி நாடகம், அம்மானை, கும்மி, கீர்த்தனை, காலட்சேபம். ஹரிகதை கேட்டுப் பழகிய காதுக்கு வேதாகமக் கதையை அதே முறையில், ராகம் தாளத்தோடு சொன்னார். பெத்தலேகேம் குறவஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். குறவஞ்சி என்றால் உலா வரும் தலைவன்மேல் தலைவி காதல் கொள்வாள், குறத்தி குறி சொல்வாள், குறத்தியின் கணவன் சிங்கன் தன் ஆள் நூவனோடு கண்ணி வைத்துப் பறவை பிடிப்பான். இது எல்லாருக்கும் தெரிந்த கதை. சாஸ்திரியார் தலைவனைப் பெத்தலேகேம் நாதர் ஆக்கினார். தலைவி தேவமோகினி திருச்சபை. குறி சொல்லும் ஞானச்சிங்கி விசுவாசம். சிங்கன் குருவானவர், நூவன் உபதேசியார். அவர்கள் விரிக்கும் வலை சுவிசேஷம். செம்படவர்களான சீஷர்களை மனிதரைப் பிடிப்பவர்களாக ஆக்குவேன் என்று இயேசு கூறிய செய்தியைக் குறவன் கண்ணியோடு இப்படிச் சேர்த்தார். கிரகங்கள் சூரியனைச் சுற்றுகின்றன என்ற புதிய வான சாஸ்திரத்தையும் அந்தப் பாட்டுக்குள்ளேயே புகுத்தினார்.

பறவை பிடிக்கும் காட்சி ஜைனனாகிய எனக்கு உவப்பானதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். அழைப்புக்கு வலையை உவமை சொல்வதில் ஓர் ஆபத்து உண்டு. அழைக்கப்பட்டவன் வரமாட்டேன் என்று சொல்லலாம், வலையில் விழுந்தது அப்படிச் சொல்ல முடியாது. விருந்துக் கதையே மேலானது என்பது என் அபிப்பிராயம்.

இனிச் சொல்லப்போவது கசப்பான பகுதி. 1820களின் இறுதியில் தஞ்சைக்கு வந்த புதிய தலைமுறைப் பாதிரிமார் சபைக்குள் ஜாதி வேற்றுமை கூடாது என்று கண்டிப்புச் செய்தார்கள். பழைய பாதிரிமார் காலத்தில் கோயிலுக்குள் வேளாளர் ஒரு பக்கம், தாழ்த்தப்பட்டோர் ஒரு பக்கம் என்று தனித்தனியே உட்காரும் வழக்கம் இருந்தது. சாஸ்திரியார் வேளாளர் பக்கம் நின்று, நான்கு கொடுமைகள் நடக்கின்றன என்று எழுதினார். பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றுவது ஒன்று. ஜாதிகளைக் கலந்து உட்கார வைப்பது ஒன்று. பண்டிகைகளில் பூவை விலக்குவது ஒன்று. தமிழ்ப் பாட்டையும் இசையையும் கோயிலிலிருந்து நீக்குவது ஒன்று. இந்தத் தகராறில் 1829இல் அவருடைய வேலை போயிற்று. சரபோஜி மன்னர் ஆதரித்து அரண்மனையில் இடம் கொடுத்தார்.

இன்று திரும்பிப் பார்த்தால் என்ன தெரிகிறது? பூவும் பாட்டும் வேண்டும் என்றாரே, அது சரி. இன்றும் தமிழ்ச் சபைகளில் அவர் கீர்த்தனைகளைப் பாடுகிறார்கள். ஜாதிப்படி உட்கார வேண்டும் என்றாரே, அது தவறு. பாதிரிமார் கதையோ நேர் எதிர். பந்தியைச் சமமாக்க நினைத்தது சரி, பாட்டை விரட்டியது தவறு. ஒவ்வொரு கட்சியிடமும் விருந்துக் கதையின் பாதிதான் இருந்தது. சாஸ்திரியாருக்கு அழைக்கத் தெரிந்தது. அவர்களுக்குப் பந்தி வைக்கத் தெரிந்தது.

நம் நூல்களைப் படித்த பாதிரிமார்

தமிழனை அழைக்க வேண்டுமானால் தமிழன் படிக்கும் நூல்களைப் படிக்க வேண்டும் என்று உணர்ந்தவர்களும் உண்டு. 1726இல் தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் அவர்களில் தலைசிறந்தவர். தமிழ் வேதாகமத்தைத் திருத்தி மொழிபெயர்த்த குழுவுக்குத் தலைமை ஏற்றவர் ஹென்றி பவர் ஐயர். அந்தத் திருத்திய பதிப்பு 1871இல் வந்தது. அதற்கு மூன்று ஆண்டு முன்பாக, 1868இல், அவர் வேறொரு நூலைப் பதிப்பித்தார். அது சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகம், நச்சினார்க்கினியர் உரையோடு! முத்தையா பிள்ளை என்ற தமிழ்ப் புலவர் உடனிருந்து உதவினார். உ.வே. சாமிநாதையர் முழு நூலையும் பதிப்பித்தது 1887இல். ஜைனக் காவியத்தின் ஒரு பகுதியை முந்தி அச்சில் கண்டவர் ஒரு பாதிரியார் என்பது எங்களவர்களிலேயே பலருக்குத் தெரியாது.

ஜி.யு. போப் ஐயரை எல்லாரும் அறிவீர்கள். 1839இல் தமிழ்நாட்டுக்கு வந்து சாயர்புரத்தில் பணியாற்றியவர். 1870களில் அவர் இருந்தது நம் பெங்களூரில்! பிஷப் காட்டன் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றிருந்தார். பிறகு இங்கிலாந்து திரும்பி, 1886இல் திருக்குறளையும், 1893இல் நாலடியாரையும், 1900இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஒரு ஜைன நூலையும் ஒரு சைவ நூலையும் மொழிபெயர்த்த அந்தப் பாதிரியார் தம் மதத்தை விட்டாரா என்றால் இல்லை. அடுத்தவர் வீட்டு விளக்கைப் பார்த்து வியந்ததனால் நம் வீட்டு விளக்கு அணைந்துவிடாது.

இன்னொரு செய்தி நம் கர்நாடகத்துக்கே உரியது. 1837 முதல் ஐம்பது ஆண்டு காலம் பெங்களூரில் லண்டன் மிஷன் ஊழியம் செய்தவர் பெஞ்சமின் ரைஸ். அவென்யூ ரோட்டில் உள்ள ரைஸ் நினைவு ஆலயம் அவர் பெயரில் நிற்பது. அவர் கன்னடம் கற்றுக் கன்னடத்தில் உபதேசித்தார். அவருடைய மகன் லூயி ரைஸ் 1837இல் இங்கேயே பிறந்தவர். மைசூர் ராஜ்யத்துக் கல்வெட்டுகளை ஆயிரக்கணக்கில் படியெடுத்தவர். சிரவணபெளகொளாவின் கல்வெட்டுகளை 1889இல் நூலாக வெளியிட்டார். அங்கே கோமடேசுவரர் சிலையைச் செய்வித்தவர் சாமுண்டராயர் என்ற செய்தி சிலையின் காலடியில் மூன்று மொழிகளில் இருக்கிறது. கன்னடத்தில் ஒன்று, தமிழில் ஒன்று, மராத்தியில் ஒன்று. கன்னட நாட்டுக் குன்றின்மேல், யாத்திரை வரும் தமிழனுக்காகத் தமிழிலும் வெட்டி வைத்தார்கள். அவரவர் மொழியில் அழைப்பு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

பெங்களூரும் அசனமும்

சிவாஜிநகர் மரியன்னை கோயிலின் வேர் தமிழ் வேர். செஞ்சிப் பக்கத்திலிருந்து இங்கு வந்து குடியேறிய தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களின் வழிபாட்டிலிருந்து வளர்ந்தது அது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அபே துபுவா என்ற பிரெஞ்சுக் குருவானவர் அங்கே ஓலைக் கூரைக் கோயில் கட்டினார். இப்போதுள்ள கோபுரக் கோயில் 1882இல் எழுந்தது. 1970களில் பசிலிக்கா ஆயிற்று. கொடியேற்றம், விரதம், தேர் எல்லாம் அந்த மக்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த வழக்கங்களே. தேர் வீதிக்கு வருவதால்தான் வீதியில் உள்ளவனும் கும்பிடுகிறான். வழிபாட்டு மொழி கன்னடமா தமிழா என்று பெங்களூர்க் கத்தோலிக்கரிடையே மனக்கசப்பு வந்ததும் உண்டு. பெந்தெகொஸ்தே நாளின் பாடம் மறந்தால் எந்தக் கூட்டத்துக்கும் அதுதான் கதி.

சீர்திருத்த சபைகளில் எழுப்புதல் கூட்டம், விடுமுறை வேதாகமப் பள்ளி, அறுப்பின் பண்டிகை, கிறிஸ்துமஸ் கீத பவனி என்று பல நடத்துகிறார்கள். நண்பரிடம் விசாரித்தேன். "நோட்டீஸ் கடைசி வேலைங்க. முதல்ல வீடு வீடாப் போவோம். பிள்ளைங்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து மேடையில ஏத்துவோம். பிள்ளை பாடினா தாய் தகப்பன் வருவாங்க, பக்கத்து வீட்டுக்காரங்களும் வருவாங்க" என்றார்.

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிச் சபைகளில் அசனப் பண்டிகை என்று ஒன்று உண்டு. சபையார் கூடிச் சமைத்து எல்லாருமாக உட்கார்ந்து உண்பது. அசனம் என்றால் உணவு. எங்களிடத்தில் உண்ணா நோன்புக்கு அனசனம் என்று பெயர். அதே சொல்தான். நாங்கள் விடுவதைப் புண்ணியமாக்கினோம், அவர்கள் பகிர்வதைப் பண்டிகையாக்கினார்கள். 1829இல் தஞ்சையில் முடியாமற்போன பந்தியை நோக்கி வைத்த ஓர் அடியாகவே நான் இதைப் பார்க்கிறேன். கிறிஸ்தவர்களிடையே இன்று ஜாதி முற்றிலும் ஒழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அவர்களே சொல்ல மாட்டார்கள்.

நமக்கு என்ன?

இவ்வளவும் படித்தபின் மறுபடியும் ஒரு நாலடியார்க் கூட்டம் நடத்தினோம். இம்முறை இருபது பெயர்கள் இல்லை. இரண்டு பேர் இரண்டு பேராகப் பத்துத் தெருக்களுக்கு நேரில் போனோம். அழைப்பிதழின் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் கன்னடம். பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பாட்டு ஒப்பித்தார்கள். வந்தவர்கள் எழுபதுக்குக் குறையாது. கன்னடக்காரர் ஐந்தாறு பேரும் வந்து கேட்டார்கள்.

அன்று நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லியே ஆக வேண்டும். நாங்கள் சூரியன் மறையும் முன் உண்ண வேண்டியவர்கள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. "முதல்ல நம்மவங்க உட்காரட்டும், மத்தவங்க அடுத்த பந்தி" என்று சமையற்கட்டுப் பக்கம் பார்த்து நானே சொல்லிவிட்டேன். பக்கத்தில் அந்தத் திருநெல்வேலி நண்பர் நின்றார். ஒன்றும் பேசவில்லை, என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். 1829 என் நினைவுக்கு வந்தது. சாஸ்திரியாரைக் குறை சொல்லி எழுதத் தெரிந்த எனக்கு, என் வீட்டுப் பந்தி தெரியவில்லையே! பாயை நீளமாக விரிக்கச் சொன்னேன். இடம் போதாதவர்கள் வாசலில் உட்கார்ந்தார்கள். இருட்டுவதற்குள் எல்லாரும் ஒரே பந்தியில் உண்டு எழுந்தோம்.

சிந்தாமணியும் நாலடியாரும் தந்த சமூகம் இன்று ஒரு சிறு கூட்டம். எங்கள் கோயில் விதானத்தில் சமவசரணம் இருக்கிறது, எங்கள் அழைப்பிதழோ உறவினர் வீடுகளோடு நின்றுவிடுகிறது. இது ஜைனருக்கு மட்டும் உள்ள குறையல்ல. வெளிமாநிலத்தில் வாழும் தமிழர் சங்கங்கள் எல்லாவற்றுக்கும் உள்ள குறை. நம் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியவில்லை, கூட்டத்துக்கு வருவதில்லை என்று புலம்புகிறோம். அவர்களை யாராவது நேரில் போய், அவர்களுக்குப் புரியும் மொழியில் கூப்பிட்டோமா? பக்கத்து வீட்டுக் கன்னடக்காரருக்கு ஒரு வார்த்தை சொன்னோமா? வந்தவருக்கு முதல் வரிசையில் இடம் கொடுத்தோமா?

அடுத்த சங்க விழாவுக்கு அழைப்பிதழ் அச்சடிக்கும்போது இந்த மூன்றையும் நினைவில் கொள்ளும்படி அன்பர்களை வணக்கத்துடன் கேட்டுக்கொள்கிறேன்.